பூவரசம் பீப்பீயும் நாயனத்துச் சீவாளியும்

பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாமல் சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் யாராவது வளர்ந்திருப்பார்களா? சந்தேகம்தான். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, இலையைப் பீடி மாதிரி சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி வாயில் வைத்தால் "பீ...". அடுத்த நிமிடம் வீட்டுக்குள்ளிருந்து வசவு. கச்சேரி அதோடு முடிந்தது.

ஆனால் அந்த நசுக்கிய முனையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு மெல்லிய இதழ்கள், நடுவில் கீற்றாக ஓர் இடைவெளி. ஊதும்போது இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். ஒட்டினால் காற்று தடைப்படும். தடைப்பட்டதும் தம்முடைய விறைப்பால் இதழ்கள் மறுபடி விரியும். இந்தத் திறப்பும் மூடலும் நொடிக்குச் சில நூறு முறை நடந்தால் நம் காதில் அது சுரம். நம்மூர் நாயனம், வடக்கே ஷெனாய், ஐரோப்பாவின் ஓபோ, ஸ்காட்லாந்தின் பேக்பைப், எல்லாவற்றின் உயிரும் இந்த ஒரே தந்திரம்தான். (நாதஸ்வரமா நாகஸ்வரமா என்ற பழைய சண்டைக்கு இங்கே இடமில்லை. ஊரில் அதற்கு நாயனம் என்றுதான் பெயர்.)

நாயனத்தில் அந்த இதழுக்குப் பெயர் சீவாளி. கீழே விரிந்திருக்கும் வாய்ப்பகுதி அணசு. நடுவில் நீண்ட மர உடல். மேலே செருகியிருக்கும் சின்ன உலோகக் குழாய் கெண்டை. அந்தக் கெண்டையின் தலையில் உட்கார்ந்திருப்பதுதான் சீவாளி. இரண்டரை அடிக்கும் மேல் நீளமான வாத்தியத்தில் பெருவிரல் அளவுகூட இல்லாத ஒரு துண்டு. "தில்லானா மோகனாம்பாள்" (1968) படத்தில் சிவாஜி கணேசனின் கன்னத்தையும் கண்ணையும் பார்த்து வியந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் உதட்டுக்குள் இருந்த அந்தத் துண்டைப் பார்த்தவர் எத்தனை பேர்?

பார்ப்பவர்கள் நாயனக்காரர்கள் மட்டும்தான். ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஒரு நாயனக்காரர் தன் வீட்டுத் திண்ணையில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ராகம் சாதகம் செய்துகொண்டிருப்பார் என்றால் பாதிதான் சரி. மீதி நேரம் சீவாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எச்சிலில் நனைத்து ஊறவைப்பார், ஊதிப் பார்ப்பார், வாய் இறுகியிருந்தால் ஊசியை விட்டு மெல்ல நெம்பி விரிப்பார், அதிகம் விரிந்துவிட்டால் விரலால் அழுத்துவார். வாத்தியத்தின் கழுத்தில் நூலில் கோத்துத் தொங்குகிற சாமான்கள் அழகுக்கு இல்லை. உபரிச் சீவாளிகளும் அந்த ஊசியும்தான் அவை. ஒரு சீவாளி நடுக் கல்யாணத்தில், சரியாகக் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் காலை வாரிவிட்டால்? அதற்குத்தான் அந்த உபரி.

இந்தச் சமவெளிக்கும் நாயனத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு பெயர் போதும், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001). ராசிபுரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளையும் அந்த ஊர், அவர் பெயரோடு சேர்ந்து உலகமெல்லாம் போனது. இன்றைக்கும் எத்தனையோ கோயில்களில், கல்யாண மண்டபங்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் வருவது அவருடைய வாசிப்புதான். திருச்செங்கோட்டு வைகாசித் தேர் ஆகட்டும், நாமக்கல் பங்குனித் தேர் ஆகட்டும், நாயனம் இல்லாமல் சாமி வெளியே வராது.

ஆனால் வாத்தியம் வருகிற வழி நீளமானது. நாயனம் கடைகிற ஊர் என்றால் கும்பகோணத்துக்குக் கிழக்கே உள்ள நரசிங்கம்பேட்டை. அங்கே ரங்கநாதன் ஆசாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக உருவாக்கிக் கொடுத்த பாரி நாயனம்தான் இன்று கச்சேரி மேடைகளில் வழக்கில் உள்ளது. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சீவாளிக்குப் பேர்போன ஊர் அதற்குப் பக்கத்திலேயே உள்ள திருவாவடுதுறை, அதே ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். நாமக்கல்லிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாயனம் கடைகிற ஆச்சா மரம் நம் சேலம், தருமபுரிப் பக்கத்து வறண்ட காடுகளில் வளர்கிற மரம். சீவாளிக்கான தட்டை காவிரிக் கரையில் வளர்வது. அந்தக் காவிரி மேட்டூரில் இறங்கி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று நம் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் தஞ்சாவூருக்கே போகிறது. மரமும் நம்முடையது, ஆறும் நம்முடையது, கைவேலை மட்டும் அங்கே!

சீவாளி செய்கிற புல்லுக்குக் கொறுக்கைத் தட்டை என்று பெயர். நாணல் இனம். அதை வெட்டி வந்த கையோடு சீவாளி ஆகிவிடாது. வெயிலிலும் பனியிலும் மாதக்கணக்கில் காயவேண்டும், பதப்படவேண்டும். நெல் அவிக்கும்போது கூடவே போட்டு அவிப்பதும் உண்டு. பிறகு அளவு பார்த்து நறுக்கி, தட்டையாக அழுத்தி, சீவி, அடிப்பக்கத்தை நூலால் இறுகக் கட்டி, ஊதிப் பார்த்து, மறுபடி சீவி... கைக்கும் காதுக்கும் நடுவில் நடக்கிற வேலை இது. எந்தக் கட்டைக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று நாயனத்துக்கு நாயனம் மாறும். இதைச் செய்கிற குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். நல்ல தட்டையும் முன்போலக் கிடைப்பதில்லை. கரை ஓரம் வயலாகிறது, மணல் போகிறது, கரையே போகிறது.

அப்படியானால் ஒரு கேள்வி. கொறுக்கைத் தட்டை கிடைக்கவில்லை என்றால் வேறு எதில் செய்யலாம்? அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வேலை வேண்டாம் என்று போய்விட்டால் (போகக்கூடாது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?) நாமகிரிப்பேட்டையில் ஊதுகிறவர் என்ன செய்வார்?

முதலில் கைக்கு எட்டுகிறவற்றைப் பார்ப்போம். பூவரசம் இலை வாடினால் செத்தது. பப்பாளிக் காம்பும் பூசணித் தண்டும் ஊதுவதற்குப் பிரமாதம்தான், ஆனால் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். சோளத்தட்டு நம் பக்கத்தில் போர் போராகக் கிடக்கிறது. ஆனால் உள்ளே முழுக்கச் சோறு, மேலே மெல்லிய தோல். மாடு தின்னத்தான் லாயக்கு. ஆற்றங்கரையில் வெள்ளைப் பூவோடு ஆடுகிற சாதாரண நாணலும் மெலிந்த தண்டுதான், அகலமான இதழ் அதிலிருந்து வராது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் மூங்கில் உண்டு. அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய பொருள்.

மூங்கிலும் புல்தான், கொறுக்கையும் புல்தான். பிறகு ஏன் ஒன்று பாடுகிறது, இன்னொன்று முறைக்கிறது? ஒரு புல்தண்டைக் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் விடை தெரியும். மெத்தை மாதிரி மென்மையான திசு, அதற்குள் புள்ளி புள்ளியாகக் கடினமான நார்க்கற்றைகள். கம்பி போட்ட கான்கிரீட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூங்கிலில் கம்பி அதிகம், அதிலும் வெளிப்பக்கம் நெருக்கி அடித்திருக்கும். அதனால் அதை மிகவும் மெல்லியதாகச் சீவினால்தான் அசையும். அப்படிச் சீவினால் நார் நாராகப் பிரியப் பார்க்கும். ஒலியும் விறைப்பாக வரும். ஐரோப்பாவில் ஓபோ, கிளாரினெட், பேக்பைப் எல்லாவற்றுக்கும் பயன்படுகிற புல் அருண்டோ டோனாக்ஸ். தெற்கு பிரான்சில் வார் என்கிற பகுதியில் விளைவதற்குத்தான் மவுசு அதிகம். அந்தப் புல்லில் செய்த கிளாரினெட் ரீடுகளை 1998ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஊதவைத்தும் அறுத்துப் பார்த்தும் ஒப்பிட்டார்கள். நார்க்கற்றையைச் சுற்றி நார் வளையம் எங்கும் அறுபடாமல் முழுதாக இருந்த தண்டுகளே நன்றாக ஒலித்தனவாம். அதாவது ஒரே இனம், ஒரே தோட்டம், ஆனாலும் தண்டுக்குத் தண்டு வித்தியாசம். நம்மூர்ச் சீவாளிக்காரர் தட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பத்தில் எட்டை ஓரமாகப் போடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியம். 1999ல் ஜப்பானியர்கள் இருவர் அதே புல்லில் நீரில் கரையும் சர்க்கரைகள் இருப்பதையும், அவை ஒலியின் தன்மையைப் பாதிப்பதையும் காட்டினார்கள். நனைத்து நனைத்து ஊதும்போது அந்தச் சர்க்கரை கரைந்து வெளியேற, ரீடின் குணமும் மாறுகிறது. சீவாளிக்கு வயதாவதன் ஒரு காரணம் அதுவாக இருக்கலாம். அவிக்கிறதும், வெயிலில் போடுவதும், பனியில் போடுவதும் வெறும் சடங்கு என்று நினைத்தவர்கள் இனிமேல் கொஞ்சம் யோசிக்கலாம். கொறுக்கையின் சர்க்கரையை யாராவது இப்படி அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும். சேலத்திலும் நாமக்கல்லிலும் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமா என்ன? கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு எல்லோரும் ஒரே தலைப்பையே எடுப்பதற்குப் பதில்...

சரி, விஷயத்துக்கு வருவோம். உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பேக்பைப்பைப் பாருங்கள். தோல் பையில் காற்றை நிரப்பி, கையிடுக்கில் அழுத்தி, குழாய்கள் வழியாக வெளியே விடுகிற வாத்தியம். குடியரசு தின அணிவகுப்பில் நம் ராணுவப் பைப் பேண்டுகள் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு வகைக் குழாய் உண்டு. விரல் வைத்துப் பாட்டு வாசிக்கிற குழாய் ஒன்று. அதற்குள் சீவாளி மாதிரியே இரட்டை இதழ். தோளில் சாய்ந்து நின்று "ங்ங்..." என்று ஒரே சுருதியில் இரைகிற குழாய்கள் மற்றவை. அவற்றுக்குள் இரட்டை இதழ் இல்லை. சின்னத் தட்டையில் ஒரு நாக்கை மட்டும் சீவி விட்ட ஒற்றை ரீடு, நம் மகுடிக்குள் இருப்பது போல.

அருண்டோ புல் குளிர்நாட்டில் வளராது. ஸ்வீடன்காரர்கள் தங்கள் ஊர் ஏரியோரத்து நாணலிலேயே ரீடு வெட்டிக்கொண்டார்கள். அயர்லாந்தில் சிலர் எல்டர் என்ற செடியின் குச்சியில், நடுச்சோற்றைத் தள்ளிவிட்டு, சுருதிக் குழாய்க்கு ரீடு செய்தார்கள். இப்போது ஸ்காட்லாந்துப் பைப்பில் சுருதிக் குழாய்களுக்குச் செயற்கை ரீடு சர்வசாதாரணம். ஆனால் பாட்டு வாசிக்கிற குழாய்க்கு மட்டும் பெரும்பாலானவர்கள் இன்னும் புல் ரீடைத்தான் நம்புகிறார்கள்! இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரே சுரத்தில் நிற்கிற சுருதி, எந்தப் பொருளைக் கொடுத்தாலும் பெரிதாக முகம் சுளிக்காது. பாட்டு அப்படி இல்லை.

நம்மிடமும் பேக்பைப் இருந்தது தெரியுமா? துத்தி என்று பெயர். சுருதி உபாங்கம் என்றும் சொல்வார்கள். ஆட்டுத்தோல் பை, ஊத ஒரு குழல், ஒலிக்க ஒரு குழல், அவ்வளவே. ஸ்காட்லாந்துக்காரர்கள் பார்த்தால் "பாட்டுக் குழாய் எங்கே?" என்று தேடுவார்கள். கிடையாது. அது முழுக்க முழுக்கச் சுருதிக்கான வாத்தியம். தென்னிந்திய வாத்தியங்களைப் பற்றி சி.ஆர். டே என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1891ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாயனத்துக்குப் பக்கத்தில் சுருதி பிடிக்க ஒத்து என்ற, விரல்துளை இல்லாத இன்னொரு நாயனமும் உண்டு. ஒத்துக்காரர் மூச்சு விடாமல், அதாவது ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து, மணிக்கணக்கில் ஒரே சுரத்தில் நிற்பார். துத்தியும் போய், ஒத்தும் அநேகமாகப் போய், இப்போது மின்சுருதிப் பெட்டி. மாற்றுப் பொருள் என்று பேசுகிறோமே, அந்த மாற்று ஏற்கெனவே ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒத்துக்காரருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

நாயனச் சீவாளி ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது? பேக்பைப்பில் ரீடு குழாய்க்குள் மறைந்திருக்கும், உதடு அதைத் தொடாது. காற்றின் அழுத்தம் மட்டுமே அதற்குத் தெரியும். நாயனத்தில் உதடு சீவாளியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தோடியின் காந்தாரம் அசைகிறதே, அந்த அசைவில் பாதி விரலில், மீதி உதட்டிலும் மூச்சிலும். உதடு கொஞ்சம் இறுக்கினால் சுரம் ஏறவேண்டும், தளர்த்தினால் இறங்கவேண்டும், அதுவும் உடனே, சத்தம் உடையாமல். நனைந்தும் இருக்கவேண்டும், தொய்யவும் கூடாது. இத்தனையும் ஒரு புல்லிடம் கேட்கிறோம்.

இனி, நம் ஊரிலேயே கிடக்கிற ஒரு பொருளுக்கு வருவோம். பனை! தமிழ்நாட்டின் மாநில மரம். நம் சமவெளியில் வரப்பு ஓரம், ஏரிக்கரை என்று நிற்கிறது. தாய்லாந்தில் "பி" என்று ஒரு குழல் வாத்தியம் உண்டு. அதன் சீவாளி பனையோலை. ஓலையை நான்கு மடிப்பாக வைத்து, சின்ன உலோகக் குழாயின் மேல் நூலால் கட்டுகிறார்கள். நம் கெண்டையும் சீவாளியும் போலவே! கம்போடியாவின் ஸ்ராலாய், பர்மாவின் ஹ்னே எல்லாமே பனையோலைக் குடும்பம்தான். நம்மிடம் மரம் இருந்தும் நாம் அதில் ஏடுதான் எழுதினோம். ஏட்டுக்கு ஓலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்துப் பதப்படுத்துவார்கள். சீவாளிக்குத் தட்டையை அவிப்பதும் இதுவும் ஒரே சமையல் மாதிரி தோன்றவில்லையா?

ஆனால் அவசரப்பட்டு நாளைக்கே நாயனத்தில் ஓலையைச் செருக வேண்டாம். அந்த நாட்டு வாத்தியங்களில் ரீடு முழுவதுமாக வாய்க்குள் போய்விடும். கன்னத்தில் காற்றை நிரப்பி ஊதுவார்கள். உதடு பிடித்து வளைக்கிற நம் பாணி வேறு. ஓலை மெல்லியது, நெகிழ்வு அதிகம். அது தோடிக்குத் தாங்குமா என்பதை ஒரு நல்ல நாயனக்காரர் ஊதிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஆனால் ஒத்துக்கு? உதடு தொடாத துத்திக்கு? பள்ளிக்கூடத்துப் பையன் பழகுகிற முதல் ஆறு மாதத்துக்கு? சுருதிக்கு எது கொடுத்தாலும் போதும் என்று பார்த்தோமே, அங்கேதான் பனையோலைக்கும் மூங்கிலுக்கும் இடம். கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசித்துப் பிழைக்கிறவருக்குப் பழகவும் பாழாக்கவும் மலிவான ஒன்று இருந்தால், நல்ல கொறுக்கைச் சீவாளியை முகூர்த்தத்துக்கு என்று பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். கனடாவில் லெஜேர் என்ற நிறுவனம் கிளாரினெட்டுக்கும் ஓபோவுக்கும் செயற்கை ரீடு விற்கிறது. நனைக்க வேண்டியதில்லை, பருவம் பார்க்க வேண்டியதில்லை. நாயனத்துக்கும் செயற்கைச் சீவாளி முயற்சிகள் நடந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் ஊர்வலம் போகிறவருக்கு அது வசதி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கத்தியால் சீவித் தன் உதட்டுக்குத் தகுந்தபடி மாற்ற முடியாது. நன்றாக அமைந்தால் சரி, அமையாவிட்டால் இன்னொன்று வாங்கவேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜூஸ் கடை உறிஞ்சுகுழல் ஒன்று. முனையைப் பல்லால் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி, V மாதிரி கூராக்குங்கள். உதட்டுக்கு உள்ளே விட்டு ஊதுங்கள். முதலில் வெறும் காற்றுதான் வரும். உதட்டை இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருந்தால் திடீரென்று வாத்து கத்தும். இப்போது மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே ஊதினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். பிறகு இதையே பனையோலையில் செய்யுங்கள், மூங்கில் சிம்பில் செய்யுங்கள், மோகனூர்ப் பக்கம் போனால் ஆற்றோரத் தட்டை ஒன்றை ஒடித்து வந்து செய்யுங்கள். பச்சையாக வேண்டாம். ஐரோப்பாவில் இரண்டாம் வருடத் தண்டைக் குளிர்காலத்தில், சாறு குறைந்திருக்கும்போது வெட்டுகிறார்கள். இங்கே மார்கழி, தை தோதாக இருக்கும் என்று தோன்றுகிறது. முற்றிய தண்டாகப் பார்த்து வெட்டி, அடுத்த வருடம் வரை பரண்மேல் போட்டு மறந்துவிடுங்கள். பெரும்பாலும் நாராசமாகத்தான் இருக்கும். இருபதில் ஒன்று நன்றாக ஒலித்தால், அதை உங்கள் ஊர்க் கோயிலில் ஊதுகிற நாயனக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கண்ணை மூடி ஒரு முறை ஊதுவார். பிறகு கத்தியை எடுத்தால் அதில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.